நான் தவறென்று அடித்த விடை: சூரை மீனின் கதை



பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் அறிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். விலங்குகளின் வகைகளைப் பற்றிய ஒரு கேள்வி. 'மீன்கள் எவ்வகை இரத்தம் உடையவை?' என்பது அதன் சாரம். 'குளிர் இரத்தம்' என்று எழுதினால் ஒரு புள்ளி. எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், ஒரு மாணவனைத் தவிர. 'மீன்கள் குளிர் இரத்தம் உடையவை. ஆனால் தொங்கோல் சூடு' என்று அவன் எழுதியிருந்தான். இரண்டாவது வாக்கியத்தின் மீது சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, புள்ளி வழங்காமல் அடுத்த தாளுக்குச் சென்றுவிட்டேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் என் மேசைக்கு அருகில் வந்து நின்றான். அழவில்லை, வாதாடவும் இல்லை. "சார், எங்க அப்பா சொன்னாரு" என்று மட்டும் சொன்னான். அவனுடைய தந்தை மீன் வியாபாரி. காலைச் சந்தையில் கடை போடுபவர். தொங்கோல் மீன் வந்தால் மற்ற மீன்களுக்கு முன்பாக அதற்குத்தான் பனிக்கட்டி போட வேண்டும், அது சூட்டு மீன், சீக்கிரம் கெட்டுவிடும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நம் வீடுகளில் 'சூடு' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டல்லவா? கத்தரிக்காய் சூடு, டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்போம். சிறுவன் அந்தச் சூட்டையும் இரத்தச் சூட்டையும் குழப்பிக்கொண்டான் என்று நான் முடிவு கட்டினேன். "அது வேறு சூடு, தம்பி" என்று விளக்கமும் கொடுத்து அனுப்பினேன். அன்றிரவு ஏனோ மனம் ஒப்பவில்லை. நூல்களைப் புரட்டலானேன். குழப்பிக்கொண்டவன் நான்தான் என்று தெரிய அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அந்த அரை மணி நேரம் பின்னர் இரண்டு வாரங்களாக நீண்டது. அப்போது திரட்டியவற்றைச் சக ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இப்பதிவு.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'டூனா' என்று நாம் தகர டப்பாவில் வாங்கும் மீனுக்குத் தமிழில் சூரை என்று பெயர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இச்சொல் தெரியும்? இங்கே ரகரம் இடையின ர. வல்லின றகரம் இட்டுச் 'சூறை' என்று எழுதினால் கொள்ளை என்றும் சுழற்காற்று என்றும் பொருள் மாறிவிடும். ரகர றகர வேறுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த இணையையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழகத்து மீனவர்கள் பல வகைச் சூரைகளைப் பிரித்தறிவார்கள். வயிற்றில் வரிகள் ஓடுவது வரிச்சூரை. குமரி மாவட்டக் கரையில் மஞ்சள் துடுப்புடைய பெரிய வகையைக் கேரை என்கின்றனர்.

நம் நாட்டில் மலாய் மக்கள் இதைத் தொங்கோல் என்பர். கிளந்தான், திரெங்கானு பக்கம் சென்றால் 'ஆயா' என்பது பெயர். நாசி டாகாங்கோடு பரிமாறப்படும் குழம்பு இந்த ஆயா மீனில் வைப்பதுதான். வடக்கே சில இடங்களில் 'ஈக்கான் காயு' என்ற பெயரும் வழங்குகிறது. காயு என்றால் மரக்கட்டை. ஆயாவிலும் வகைகள் உண்டு. ஆயா ஈத்தாம், அதாவது கறுப்பு ஆயா. ஆயா கூரிக், அதாவது புள்ளி ஆயா. ஆயா கூரிக்கின் மார்புத் துடுப்புக்குக் கீழே விரலால் மை தொட்டு வைத்தாற்போல் சில கரும்புள்ளிகள் இருக்கும். முதுகின் பின்பாதியில் அலை அலையாகக் கோடுகள் தெரியும். அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கண்டுகொண்டால் பிறகு மறக்காது.

இந்தப் புள்ளி ஆயாவுக்கும் நம் பினாங்குக்கும் ஓர் உறவு உண்டு என்பது எனக்கு இதுவரை தெரியாத செய்தி. தியோடர் கேண்டர் என்பவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர். கிழக்கிந்தியக் கும்பெனியில் மருத்துவராகப் பணியாற்றியவர். பினாங்கில் இருந்த காலத்தில் ஊர்வன, மீன் என்று கையில் கிடைத்தவற்றையெல்லாம் சேகரித்து எழுதிவைத்தார். அவருடைய மலாயா மீன்களின் பட்டியல் 1849-இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. உலக அறிவியல் இன்று 'யூதின்னஸ் அஃபினிஸ்' என்று அழைக்கும் இம்மீன் முதன்முதலாக விவரிக்கப்பட்டது அந்தப் பட்டியலில்தான். ஆதாரமாக அவர் எடுத்துக்கொண்டது பினாங்குக் கடலில் கிடைத்த மீன். செங்கடல் முதல் ஹவாய் வரை எந்தக் கடலில் இந்த மீனைப் பிடித்தாலும் அதன் பிறப்புச் சான்றிதழில் ஊர் பினாங்கு என்றுதான் இருக்கும்!

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1851-இல், இன்னொரு மருத்துவர் இன்னொரு சூரைக்குப் பெயர் வைத்தார். பீட்டர் பிளீக்கர் டச்சுக்காரர். டச்சு இந்தியப் படையில் மருத்துவராகப் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் இருந்தார். மீன் சந்தைதான் அவருக்கு ஆய்வுக்கூடம். 1842 முதல் 1860 வரை இக்கடல்களின் மீன்களைச் சேகரித்தார். தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய மீனினங்களை விவரித்தார். நாம் கறுப்பு ஆயா என்று மேலே பார்த்த வகைக்கு அவர் இட்ட பெயரின் இரண்டாம் பகுதி 'தொங்கோல்' என்பதே. ஆம், சந்தையில் மீன்காரர் கூவி விற்கும் அதே சொல். அது இலத்தீன் பெயராகிவிட்டது. கிரேக்க மொழியிலிருந்து வந்த 'துன்னஸ்' முன்னே நிற்க, மலாய்த் தீவுகளின் 'தொங்கோல்' பின்னே நிற்கிறது. 1915-இல் வரிச்சூரைக்குத் தனிப் பேரினம் வகுத்த ஜப்பானியர் கிஷினோவே, தம் நாட்டு மக்கள் அம்மீனை அழைக்கும் 'காட்சுவோ' என்ற சொல்லைக் கொண்டு 'காட்சுவோனஸ்' என்று பெயரிட்டார். நம் கடற்கரைக்காரர் யாராவது அக்காலத்தில் அப்படி ஒரு பட்டியல் எழுதியிருந்தால் 'சூரை'யும் அந்த வரிசையில் சேர்ந்திருக்குமே என்ற ஏக்கம் எனக்குத் தோன்றியது. தமிழாசிரியன் அல்லவா!

நாம் வாழும் தெலுக் பங்லிமா காராங் பெயரளவில் கடலுக்கு நெருக்கமானது. தெலுக் என்றால் குடா, பங்லிமா படைத்தலைவன், காராங் என்றால் கடுஞ்சினம் மிக்கவன். ஆனால் இங்கே கடல் என்பது லங்காட் ஆறும் சதுப்பு நிலமும் கேரித் தீவைச் சுற்றியுள்ள சேற்று நீரும்தான். நண்டு, இறால், கெளிறு, கொடுவா ஆகியவை வாழும் இடம். சூரைக்குத் தெளிந்த நீர் வேண்டும். ஓட இடம் வேண்டும். மலாக்கா நீரிணையின் ஆழம் குறைந்த நீருக்கு வருபவை தொங்கோல் போன்ற சிறிய சூரைகள். மஞ்சள் துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, வரிச்சூரை ஆகியவற்றின் வீடு இந்தியப் பெருங்கடல், பசிபிக் போன்ற திறந்த கடல்கள்.

இனி அந்தச் சூட்டுக்கு வருவோம்.

சூரையின் உடல் சுடும் என்பதை அளவிட்டு எழுதியவர்களுள் முன்னோடி ஜான் டேவி. சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு அமைத்துக் கொடுத்த ஹம்ப்ரி டேவியின் இளைய சகோதரர் இவர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் ஆங்கிலேயப் படை மருத்துவராக இருந்தார். கண்டி நாட்டைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அவருக்கு ஒரு பழக்கம். எந்த உயிரினம் கிடைத்தாலும் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிடுவார். மாலுமிகள் 'போனிட்டோ' என்று அழைத்த சூரை இன மீனிலும் அவ்வாறே செய்தார். சுற்றியிருந்த நீரின் வெப்பம் 80.5 பாரன்ஹீட் பாகை. மீனின் வெப்பமோ 99 பாகை! நம் உடலில் காய்ச்சல் இல்லாதபோது இருக்கும் வெப்பமும் ஏறக்குறைய அதுதான். மீன்கள் எல்லாம் குளிர் இரத்தம் உடையவை என்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ள விதிக்கு இது விலக்காக இருக்கிறதே என்று அவர் 1835-இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதினார்.

1835! அந்தக் கட்டுரை வெளிவந்து ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழித்து நான் சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கிறேன்.

அதே 1835-இல் எஷ்ரிக்ட், முல்லர் என்னும் இரு உடற்கூற்று அறிஞர்கள் ஐரோப்பாவில் சூரையின் உடலை அறுத்துப் பார்த்து, அதனுள் மிக நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஆயிரக்கணக்கில் பின்னிக் கிடப்பதை விவரித்தனர். 'அற்புத வலை' என்று பொருள்படும் பெயர் அந்தப் பின்னலுக்கு இலத்தீனில் உண்டு. டேவி கண்ட சூட்டுக்கும் இந்த வலைக்கும் தொடர்பு இருப்பதை உயிருள்ள மீன்களில் அளந்து காட்ட இன்னும் நூற்று முப்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் பிராங்க் கேரி, ஜான் டீல் ஆகிய இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு அதனை விளக்கிற்று. (நம் பக்கத்துக் கேரித் தீவுக்கும் இந்தக் கேரிக்கும் உறவில்லை. தீவின் பெயர் எட்வர்ட் கேரி என்னும் தோட்ட முதலாளியிடமிருந்து வந்தது. குமரிக் கரையின் கேரை மீனுக்கும் இருவரிடத்தும் சம்பந்தமில்லை. தற்செயலான ஒற்றுமைகள் சில நேரம் வேடிக்கையாக அமைந்துவிடுகின்றன.)

அந்த வலை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை வகுப்பில் விளக்குவது கடினமன்று. மீன் செவுள்களால் மூச்சு விடுகிறது. செவுளுக்குச் செல்லும் இரத்தம் கடல்நீரை ஒட்டிப் பாய்கிறது. எனவே உடல் எவ்வளவு சூட்டை உண்டாக்கினாலும் செவுளைத் தாண்டும்போது அது கடலுக்குப் போய்விடும். சாதாரண மீன் குளிர்ந்திருப்பதற்குக் காரணம் அதுவே. சூரையில் என்ன நடக்கிறது? தசையிலிருந்து சூடாகத் திரும்பும் இரத்தத்தின் குழாய்களும், செவுளிலிருந்து குளிர்ந்து வரும் இரத்தத்தின் குழாய்களும் எதிரெதிர்த் திசையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. வெந்நீர்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துக் கட்டினால் எப்படி இருக்கும்? திரும்பிப் போகும் சூடு வருகின்ற இரத்தத்திற்கு மாறிவிடுகிறது. செவுளை அடைவதற்குள் வெளியேறும் இரத்தம் குளிர்ந்துவிடுகிறது. சூடு உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அட்லாண்டிக்கின் நீலத்துடுப்புச் சூரை ஆறேழு செல்சியஸ் பாகை மட்டுமே உள்ள குளிர்நீரில் நீந்தும்போதும் அதன் உள்தசை 25 பாகைக்கு மேல் இருக்கிறது.

ஒரு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். சூரையின் உடல் முழுவதும் சூடாக இருப்பதில்லை. அதன் இதயம் சுற்றுநீரின் வெப்பத்திலேயே துடிக்கிறது. நீந்தும் தசை, சில இனங்களில் கண், மூளை, ஈரல் ஆகிய பகுதிகளே சூடாக வைத்துக்கொள்ளப்படுகின்றன. பறவையையும் பாலூட்டியையும் போல் இதயம் உட்பட முழு உடலையும் சுற்றுநீரைவிடச் சூடாக வைத்துக்கொள்ளும் மீன் 'ஓப்பா' என்பது 2015-இல்தான் அறிவிக்கப்பட்டது. ஆகவே 'மீன்கள் குளிர் இரத்தம் உடையவை' என்று பாடத்தில் கற்பிப்பது பொதுவிதியாகச் சரியே. என் மாணவனும் முதல் வாக்கியத்தில் பொதுவிதியை எழுதிவிட்டுத்தான் இரண்டாம் வாக்கியத்தில் விலக்கைக் காட்டினான். டேவி செய்ததும் அதுதானே?

இந்தச் சூடு எதற்கு? சூடான தசை விரைந்து சுருங்கும். சூரை என்பது நீந்துவதற்கென்றே வார்த்தெடுத்த உடல். முதுகுத்துடுப்பை மடித்து ஒரு பள்ளத்திற்குள் பொருத்திக்கொள்ளும். மார்புத்துடுப்பை உடலோடு ஒட்டிக்கொள்ளும். கண்கூடத் துருத்தி நிற்காது. வால் பிறை நிலா வடிவம். 1964-இல் தூண்டில் இழையின் ஓட்டத்தைக் கொண்டு அளந்தபோது மஞ்சள் துடுப்புச் சூரை சில நொடிகளுக்கு மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதாகக் கணக்கிட்டனர். அவ்வளவு வேகம் கூடுமா என்று பின்வந்த அறிஞர்கள் சிலர் ஐயுறுகின்றனர். இணையத்தில் உலவும் வேகப் பட்டியல்களைப் பிள்ளைகளுக்கு அப்படியே ஒப்பித்துவிட வேண்டாம்.

சூரை நிற்பதே இல்லை. மற்ற மீன்கள் ஓரிடத்தில் நின்றுகொண்டே வாயையும் செவுள்மூடியையும் அசைத்து நீரை உள்ளிழுக்கும். சூரையால் அது இயலாது. வாயைச் சிறிது திறந்துகொண்டு முன்னோக்கி நீந்தினால்தான் நீர் செவுளினூடே பாயும். நீந்துவதை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும். வரிச்சூரைக்கும் நம் புள்ளி ஆயாவுக்கும் மிதவைப் பையும் கிடையாது. எனவே நின்றால் மூழ்கும். முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் இறக்கும் வரை ஓட்டமே வாழ்க்கை. முட்டையோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒரு தாய்மீன் ஒரே தடவையில் இலட்சக்கணக்கில் இடும். வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். பெரும்பாலானவை பிற உயிர்களுக்கு இரையாகும். தப்பியவை மிக விரைவாக வளரும். வரிச்சூரை ஓராண்டிலேயே நாற்பது சென்டிமீட்டர் நீளத்தை எட்டிக் குஞ்சு ஈனும் நிலைக்கு வந்துவிடுகிறது. உலகில் பிடிபடும் வணிகச் சூரையில் பாதிக்கு மேல் இந்த வரிச்சூரையே. இதற்கு நேர்மாறானது தென்கடல் நீலத்துடுப்புச் சூரை. நாற்பது ஆண்டுகள் வரை வாழும். எங்கே திரிந்தாலும் அது முட்டையிட வரும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஜாவாவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக்கு இடைப்பட்ட கடல். ஜப்பானியச் சந்தைகளில் பெருவிலை பெறும் மீன் ஒன்றின் பிறந்த வீடு நமக்கு இவ்வளவு அருகில் இருக்கிறது.

இனி, தமிழர் சமையலறைக்குள் வருவோம். நம்மில் பலர் சூரையைப் பச்சை மீனாக அறிவதற்கு முன்பே மாசியாக அறிந்தவர்கள். யாழ்ப்பாணத்து வீடுகளிலும் தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்து வீடுகளிலும் மாசிச் சம்பல் இல்லாத அடுப்பங்கரை அரிது. 'மாசி' என்றதும் தமிழ் மாதம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். மாலத்தீவின் திவேகி மொழியில் 'மஸ்' என்றால் மீன். வடமொழியின் மத்ஸ்யம் என்பதோடு உறவுடைய சொல் அது. அது நம் வாயில் மாசி ஆயிற்று. மாலத்தீவையும் தமிழர் நெடுங்காலமாக அறிவர். முதலாம் இராசராசன் வென்றதாகச் சோழர் கல்வெட்டுகள் கூறும் பழந்தீவு பன்னீராயிரம் என்பது இத்தீவுகளே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

மாசி செய்முறையை எழுதிவைத்தவர்களுள் புகழ்பெற்றவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. அவர் 1343-இன் இறுதியில் மாலத்தீவுக்கு வந்து, அங்கேயே காஜியாகப் பதவியும் ஏற்று, 1344 வரை தங்கினார். செந்நிற இறைச்சி, கொழுப்பு இல்லை, ஆட்டிறைச்சியின் மணம், ஒவ்வொரு மீனையும் நான்காக வெட்டி, சற்றே வேகவைத்து, தென்னோலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள், நன்கு உலர்ந்தபின் உண்பார்கள், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புவார்கள் என்பது அவர் தரும் விவரம். (அந்த உணவின் வேறு பயன்களைப் பற்றியும் அவர் சொல்கிறார். ஆசிரியரின் வலைப்பதிவில் அதை எழுதுவதற்கில்லை.) அங்கிருந்து இலங்கை வழியாக அவர் மதுரைச் சுல்தானின் நாட்டுக்கு வந்து சேர்ந்தார் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் அறிவீர்கள். அவர் பயணம் செய்த அந்த வழியிலேயே மாசி மூட்டைகளும் பயணம் செய்தன.

1602-இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் அகப்பட்டு, 1607 வரை அங்கிருந்து வெளியேற முடியாமல் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார்டும் இதே மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் பகுதிக்கும் இது வந்திருக்கிறது என்பதற்கு ஒரு சுவையான சான்று, 1886-இல் வெளியான ஹாப்சன் ஜாப்சன் என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதிய பர்னல், யூல் என்பவரோடு சேர்ந்து தொகுத்த நூல் அது. மாலத்தீவின் இந்த உலர்மீனை அச்சே முதலான மலாய் நாடுகளில் மிகவும் விரும்புகிறார்கள் என்று அதில் குறித்திருக்கிறார்கள். ஆக, நாம் இன்று நீரிணையின் இக்கரையில் அமர்ந்து பேசும் மீன், அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியப் பெருங்கடலின் நான்கு பக்கமும் கப்பலேறிய பண்டம்.

ஏன் சூரையை மட்டும் இப்படிப் பாடுபட்டு வேகவைத்துப் புகையூட்டினார்கள்? இங்கேதான் மீன்காரரின் சொல் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. சூரை பிடிபட்டுத் துள்ளும்போது அதன் தசை இன்னும் சூடேறுகிறது. அத்தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. மீன் இறந்தபின் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதை உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி, தோலரிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். ஒரு முறை உண்டான ஹிஸ்டமின், குழம்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது. பனிக்கட்டி இல்லாத காலத்தில் நிலநடுக்கோட்டு வெயிலில் அந்த மீனைக் காப்பாற்ற உடனே வேகவைப்பதே வழி. பனிக்கட்டி உள்ள காலத்தில் முதல் பனிக்கட்டி அதற்கே. பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: சந்தையில் தொங்கோல் வாங்கினால் காரில் வைத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்லாதீர்கள்.

மாலத்தீவிலும் நம் இலட்சத்தீவுகளின் மினிக்காயிலும் சூரை பிடிக்கும் முறை இன்றும் பழைய வழியே. வலை வீசுவதில்லை. சிறு மீன்களை உயிரோடு கடலில் இறைத்துச் சூரைக் கூட்டத்தைப் படகின் அருகே கூட்டுவார்கள். நீரைத் தெளித்துக்கொண்டே கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகச் சுண்டி எடுப்பார்கள். தூண்டில் முள்ளில் எதிர்வளைவு இருப்பதில்லை. எனவே படகில் விழுந்ததும் மீன் தானே கழன்றுகொள்ளும். இந்த மாசிக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெரிய வாடிக்கையாளர் இலங்கை. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1970-களின் தொடக்கத்தில் இலங்கை மாசி இறக்குமதியை வெட்டியபோது மாலத்தீவுக்காரர்கள் திகைத்துப்போனார்கள். 1972 முதல் ஜப்பானியரின் குளிர்பதனக் கப்பல்கள் வந்து பச்சை மீனாகவே வாங்கத் தொடங்கின. 1974 முதல் பாய்மரத் தோணிகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சம்பலில் மாசி குறைந்த அந்த ஆண்டுகளில்தான் அறுநூறு ஆண்டுப் பழமையான ஒரு தொழில் திசை மாறியது.

தகர டப்பாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1903-இல் கலிபோர்னியாவில் மத்தி மீன் வரத்துக் குறைந்தபோது, ஆல்பர்ட் ஹாஃப்ஹில் என்பவர் வெண்ணிறச் சூரையை வேகவைத்து டப்பாவில் அடைத்துப் பார்த்தார். அது கோழி இறைச்சிபோல் வெளுத்திருந்ததால் மக்கள் வாங்கினர். இன்று நம் பிள்ளைகளின் ரொட்டிக்கு நடுவே இருப்பது அதன் பேரப்பிள்ளை. பெற்றோர் சிலர் பாதரசத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. பெரியதும் வயதானதுமான மீனில் பாதரசம் அதிகமாகச் சேரும். டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது இளமையிலேயே பிடிபடும் சிறிய வரிச்சூரை என்பதால் அதில் குறைவு. கருவுற்ற தாய்மார்களும் சிறு பிள்ளைகளும் பெருங்கண் சூரை போன்ற பெரிய வகைகளைக் குறைத்துக்கொள்வது நல்லது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம், அந்த மாணவனின் தந்தையிடமே சென்று ஒரு தொங்கோலும் இரண்டு கெம்போங் மீனும் வாங்கினேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன். தொங்கோலுக்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். வகுப்பில் இரண்டையும் குறுக்காக வெட்டிக் காட்டினேன். கெம்போங்கில் கருஞ்சிவப்புத் தசை தோலுக்கு அடியில், விலாவில் ஒரு மெல்லிய பட்டையாக இருந்தது. தொங்கோலில் அது உள்ளே, முதுகெலும்பை ஒட்டித் தடிப்பாக இருந்தது. ஓயாமல் நீந்தும் தசை அது. சூடு பிறக்கும் அடுப்பு. தோலுக்கு அடியில் இருந்தால் சூடு கடலுக்குப் போய்விடும் என்பதால் உடலின் நடுவே அமைந்திருக்கிறது. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்ட மாணவிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அவனுடைய தாளை வாங்கி, நான் இழுத்த கோட்டின் அருகே சரி போட்டு, புள்ளியைத் திருத்திக் கையொப்பமிட்டேன். ஏன் திருத்தினேன் என்பதையும் வகுப்பில் எல்லாருக்கும் சொன்னேன். அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "அப்பாகிட்ட காட்டணும் சார்" என்றான். சற்றுத் தள்ளிப் போனவன் திரும்பி வந்து, "அப்போ சூரை எப்போ சார் தூங்கும்?" என்று கேட்டான்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.